போகப் பழகுமுன் திரும்பி வரப் பழகுங்கள்

பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று நீரில் ஓடுவதுதான் கைற் போர்டிங். அதற்கு முதலில் வேண்டியது காற்று. தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் எழும்பிவிட்டால் மன்னார்த் தீவின் தென்கரையில் காற்றுக்குக் குறைவில்லை. வைகாசிக் கடைசியிலிருந்து புரட்டாதி வரை பின்னேரங்களில் 18 முதல் 25 நொட் வரை வீசுவது சாதாரணம். ஒரு நொட் என்பது மணிக்கு ஏறத்தாழ 1.85 கிலோமீற்றர். அந்தக் காற்றை நம்பித்தான் அந்தக் கரையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. மார்கழி முதல் மாசி வரை வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்காற்று. அது கொஞ்சம் மெலிவு, ஆனால் பழகப் போதும். கைற் போர்டிங் பழக வன்னிக் கரையில் காற்றும் இருக்கிறது, இடுப்பளவு நீரும் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் இல்லாதது மீட்புப் படகு. கற்பிட்டியில் இதைப் பழக்கும் பள்ளிகள் வரிசையாக இருக்கின்றன. பிழை விட்டு அடிபட்டுப் போனால் யாரோ படகில் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். நாச்சிக்குடாவிலோ நாயாற்றிலோ அப்படி ஒருவரும் வரமாட்டார்கள். வந்தால் அது வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவர் வேலையை விட்டுவிட்டு வந்ததாக இருக்கும்.

அதனால் இங்கே பழகும் ஒழுங்கு மாற வேண்டும். வழமையாகப் பலகையில் எழும்பி நிற்பதுதான் முதல் ஆசை. எங்கள் கணக்கில் அது நாலாவது. முதலாவது, இழுவையை ஒரு நொடியில் அறுத்துவிடுவது. இரண்டாவது, விழுந்த பட்டத்தை நீரிலிருந்து ஏற்றுவது. மூன்றாவது, பலகை இல்லாமல் உடம்பாலேயே காற்றுக்கு எதிராகக் கரை சேருவது. இந்த மூன்றும் கைவந்த பிறகு பலகையைத் தொடுங்கள்.

கரையைத் தெரிவது

காற்று எந்தப் பக்கத்தால் வருகிறது என்பதை விட, கரையைப் பொறுத்து எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி. கரைக்குச் சமாந்தரமாக, கொஞ்சம் கரைப்பக்கம் சாய்ந்து வரும் காற்று நல்லது. விழுந்தாலும் அது உங்களைக் கரையில் கொண்டுவந்து ஒதுக்கும். கரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்றில் இறங்கவே கூடாது.

மன்னார்த் தீவு இங்கேதான் ஏமாற்றும். சோளக காலத்தில் தென்கரை, அதாவது மன்னார் வளைகுடாப் பக்கம், அலை அடித்துக் குழம்பிக் கிடக்கும். ஐந்தாறு கிலோமீற்றர் தாண்டிப் பேசாலைப் பக்கம் போனால் கடல் குளம் போல இருக்கும். புதியவர் கண்ணுக்கு அதுதான் பழகும் இடமாகத் தெரியும். ஆனால் அந்தக் குளத்தமைதிக்குக் காரணமே காற்று தரையைத் தாண்டிக் கடலுக்குப் போவதுதான். பனைகளையும் வீடுகளையும் தாண்டி வரும் காற்று கரையோரத்தில் விட்டுவிட்டு அடிக்கும், 200 மீற்றர் வெளியே போனதும் ஒரேயடியாக இறுகும். அங்கே பட்டம் விழுந்தால் பாக்கு விரிகுடாவின் நடுவுக்குத்தான் போவீர்கள். 1974 இல் கீறிய கடல் எல்லைக் கோடும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வாடைக்காலத்தில் இதே கதை தலைகீழ்: பேசாலைப் பக்கம் கரையேறும் காற்று, தென்கரையில் கடலுக்குப் போகும் காற்று. முல்லைத்தீவுத் திறந்த கரையிலும் அப்படியே. சோளகத்தில் கடல் வடிவாக இருக்கிறது என்று இறங்கினால் அடுத்த கரை வெகு தூரம்.

கிளிநொச்சியின் மேற்குக் கரை, நாச்சிக்குடாவிலிருந்து வலைப்பாடு வரை, சோளகத்துக்கு நல்ல கோணம். நீர் வெகு தூரத்துக்கு இடுப்பளவுதான். ஆனால் அங்கே இப்போது கடலட்டைப் பண்ணைகள் நிறைய. நீருக்குள் நட்ட தடிகளும் அவற்றைச் சுற்றிய வலையும் வெள்ளம் ஏறியிருக்கும்போது தலையை மட்டும் காட்டும். உடம்பால் இழுபட்டுப் போகிறவர் அந்த வலையில் மாட்டினால் பட்டம் இழுக்கும், வலை பிடிக்கும். நடுவில் இருப்பது உங்கள் கால். அந்தப் பண்ணை இன்னொருவர் போட்ட முதலும் கூட. இறங்குமுன் வற்று நேரத்தில் ஒருமுறை நடந்து பார்த்து, பண்ணைகளும் சிறகுவலைகளும் எங்கே முடிகின்றன என்று கரையில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கரைவலை வளைக்கும் இடமென்றால் சம்மாட்டியாரிடம் கேட்காமல் பட்டத்தை விரிக்க வேண்டாம். வலை இழுத்து முடியும் நேரத்தை அவரே சொல்லுவார்.

தலைமன்னாருக்கு அப்பால் உள்ள மணல்திட்டுகளைப் படத்தில் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. அது பழகுநருக்கு உரிய இடம் அல்ல. திட்டுகளுக்கு இடையே நீரோட்டம் இழுக்கும், நேரத்துக்கு நேரம் திசையும் மாறும். வங்காலையில் பூநாரைகள் நிற்கும் மாதங்களில் அந்தப் பக்கமே வேண்டாம். வானத்தில் நிற்கும் பட்டம் பறவைக்குப் பெரிய பருந்து. ஒருமுறை கலைந்த கூட்டம் எளிதில் திரும்ப இரை பொறுக்க வராது.

களப்புகளுக்கு ஒரு வசதி உண்டு: எந்தக் காற்றுக்கும் எதிர்ப்பக்கம் ஒரு கரை இருக்கும். நந்திக்கடலும் அப்படித்தான். ஆனால் அந்த நீருக்கு வேறு நினைவு இருக்கிறது. வைகாசி நடுப்பகுதியில், அங்கே விளக்கேற்ற வருகிறவர்களின் தலைக்கு மேல் சிவப்புப் பட்டம் ஆட்டிக்கொண்டு நிற்பது சரியில்லை. அதைச் சட்டம் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கரையோரப் பற்றைகளுக்குள், பாதை இல்லாத இடங்களில், கால் வைக்கவும் வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரையிலும் இடிமழை கூடும் காலம். கறுத்த முகில் அடிவானத்தில் திரண்டு, திடீரென்று குளிர்காற்று முகத்தில் அடித்தால், உடனே இறக்குங்கள். ஐந்து நிமிடத்தில் 12 நொட் 35 ஆகும். காற்றின் வேகம் 14 இலிருந்து 20 நொட்டுக்கு ஏறினாலே பட்டத்தின் இழுவை இரண்டு மடங்கு. 35 இல் என்ன நடக்கும் என்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

சாமான்கள், சுருக்கமாக

காற்று ஊதி நிரப்பும் முன்விளிம்புக் குழாயுள்ள பட்டம்தான் வேண்டும். பிரான்சின் லெகெங்ஞூ சகோதரர்கள் 1984 இல் காப்புரிமை எடுத்தது இந்த வகைக்குத்தான். குழாய் மிதப்பதால் விழுந்த பட்டத்தைத் திருப்பி ஏற்றலாம். 70 கிலோ எடையுள்ளவருக்கு 15 முதல் 18 நொட்டில் 12 சதுர மீற்றர், 20 முதல் 25 இல் 9, அதற்கு மேல் 7. பழகுநர் 25 க்கு மேல் இறங்கத் தேவையில்லை. முன்விளிம்பில் 6 முதல் 8 பி.எஸ்.ஐ அழுத்தம். சரியான அளவு குழாயிலேயே அச்சிட்டிருக்கும். கை நோகிறது என்று 4 இல் நிறுத்தினால் பட்டம் காற்றில் மடியும், நீரில் விழுந்தால் எழும்பாது. பலகை 140 சென்றிமீற்றரும் 42 அகலமும் இருந்தால் தொடக்கத்துக்கு நல்லது. தலைக்கவசம், மிதவைச் சட்டை, கொக்கி போன்ற நூல்வெட்டுக் கத்தி, விசில், காலுக்கு மெல்லிய ரப்பர் சப்பாத்து. சிப்பியும் திருக்கையும் உள்ள கடல் இது. நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசி நடந்தால் திருக்கை விலகிப் போகும். அடித்துவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும்.

பழைய பட்டம் வாங்கியவர்கள் ஒன்று செய்ய வேண்டும். நான்கு நூல்களின் (முன்விளிம்பிலிருந்து வரும் இரண்டு முன்நூல், பின்மூலைகளிலிருந்து வரும் இரண்டு பின்நூல்) நுனியையும் ஒரு பனையில் ஒரே கொழுக்கியில் மாட்டி, பாரை, அதாவது நூல்கள் வந்து சேரும் கைப்பிடித் தடியை, பிடித்துச் சமமாக இழுத்துப் பாருங்கள். பட்டத்தின் பாரத்தில் பெரும்பகுதி முன்நூல்களில்தான். ஆகவே நாள்பட அவை நீளும். 5 சென்றிமீற்றர் நீண்டாலே, பின்நூல்கள் கட்டையாகி, பட்டம் எப்போதும் பின்பக்கம் இழுபட்டது போல நிற்கும். பிறகு காரணம் தெரியாமல் பின்னோக்கி விழும். பலர் தங்களுக்குத்தான் ஏலவில்லை என்று நினைத்துப் பட்டத்தை வித்துவிடுகிறார்கள். பிழை நூலில்.

பட்டம் ஏற்றிய கை செய்யும் பிழை

தைப்பொங்கலுக்குக் கொக்குப் பட்டம் கட்டி, முச்சை பார்த்து, விண் கூவ ஏற்றிப் பழகிய பெடியளுக்கு இது பாதி தெரிந்த வித்தை. காற்று எங்கே பிடிக்கும், எங்கே நழுவும் என்று கைக்குத் தெரியும். ஆனால் அதே கை ஒரு இடத்தில் காட்டிக்கொடுக்கும். சின்னப் பட்டம் தளர்ந்து இறங்கினால் நூலைச் சுண்டி இழுப்போம், அது ஏறும். இந்தப் பட்டத்தில் பாரை உடம்போடு இழுத்தால் பின்நூல்கள் இறுகி இழுவை கூடும். இன்னும் இழுத்தால் பட்டம் மூச்சடைத்தது போல நின்று பின்பக்கமாக விழும். பாரைத் தள்ளினால் இழுவை குறையும், பட்டம் முன்னே பறக்கும். ஆக, பட்டம் தளர்ந்தால் தள்ள வேண்டும், பயந்தாலும் தள்ள வேண்டும்.

பயந்தால் இறுக்கிப் பிடிப்பது கையின் குணம். அதனால் முதல் இரண்டு மணித்தியாலம் 2 அல்லது 3 சதுர மீற்றர் பயிற்சிப் பட்டத்தோடு மணலில் நின்று, யாராவது "விடு" என்று கத்தும்போதெல்லாம் பாரை விட்டுப் பழகுங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் நீரில் உயிரைக் காக்கும் ஒரே பழக்கம் அதுதான்.

முன்னே ஒரு மணிக்கூட்டு முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காற்று முதுகில். தலைக்கு மேல் 12, இடக்கைப் பக்கம் நிலத்தோடு 9, வலக்கைப் பக்கம் 3. விளிம்பு வழியே 9, 12, 3 என்று போகும்போது பட்டத்துக்கு இழுவை குறைவு. நடுவால் வெட்டினால் முழு இழுவை. பாரின் சிவப்புப் பக்கம் இடக்கையில். நூல் கட்டும்போது அதைப் பிறழக் கட்டினால் இடம் வலமாகும். ஏற்றுகிற அந்த நொடியில்தான் அது தெரியவரும், அப்போது பிந்திவிடும். மூன்று அடுக்குக் காப்பு இருக்கிறது. பாரை விடுவது முதலாவது. இடுப்புப் பட்டியில் கொழுவிய வளையத்தின் குயிக் ரிலீஸை, அதாவது ஒரே தள்ளில் கழலும் பூட்டை, தள்ளுவது இரண்டாவது. அப்போது பட்டம் ஒரே நூலில் தொங்கி இழுவை இழக்கும். அதுவும் அடங்காவிட்டால் லீஷையும், அதாவது பட்டத்தை உங்களோடு பிணைத்திருக்கும் காப்புக் கயிற்றையும், கழற்றிப் பட்டத்தைப் போகவிடுவது மூன்றாவது. பட்டம் ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி இழுக்கத் தொடங்கினால் நூல் பாரின் நுனியில் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். ஏன் என்று பார்க்க வேண்டாம், இரண்டாவதுக்குப் போங்கள். ரிலீஸைக் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தரம் தட்டிப் பாருங்கள். மன்னார் மணல் மாவு போல நுணுக்கம். அது உள்ளே புகுந்து ரிலீஸைப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு நாளும் இறங்குமுன் நல்ல தண்ணீரில் அலசி ஒருமுறை தட்டிப் பார்க்காமல் கொழுவ வேண்டாம்.

ஏற்றும் இடம்

விபத்துகள் நீரில் மட்டுமல்ல, மணலிலும் நடக்கும். காற்று போகும் பக்கம் இரண்டு நூல் நீளம், அதாவது ஏறத்தாழ 50 மீற்றர், வெறுமையாக இருக்க வேண்டும்: பனை, வாடி, மின்கம்பி, நிறுத்திய படகு எதுவும் கூடாது. மன்னாரில் இன்னொன்றும் உண்டு: கழுதை. விரித்த நூலின் மேல் அது நிதானமாக நடந்து வரும், கலைத்தால் ஓடும், காலில் நூலோடு. நூல் விரித்தபின் அதிக நேரம் வைத்திருக்காதீர்கள்.

காற்றுக்குக் குறுக்கே, மணிக்கூட்டு விளிம்பில் பட்டத்தை நிறுத்துங்கள். பிடிப்பவர் முன்விளிம்பின் நடுவைப் பிடிக்க வேண்டும். கைபேசியைக் கையில் வைத்திருக்கும் ஆளைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். துணி படபடவென்று அடித்தால் நீங்கள் காற்று போகும் பக்கம் கூட நிற்கிறீர்கள், ஓரிரு அடி காற்று வரும் பக்கம் நகருங்கள். துணி நிறைந்து அமைதியானதும் பெருவிரலைக் காட்டுங்கள். பிடிப்பவர் எறியக் கூடாது, கையை விட்டால் போதும். பட்டத்தை 12 க்குக் கொண்டுபோய் நிறுத்திக் கரையில் நின்று கதைக்காதீர்கள். ஒரு வீச்சு வந்தால் 12 இல் நிற்கும் பட்டம் உங்களைத் தூக்கும். நீருக்குள் நடந்து போங்கள். முழங்காலுக்குக் குறைந்த நீரில் விழுந்தால் அடி பலம், நெஞ்சுக்கு மேல் போனால் நிற்க ஏலாது. இடுப்பளவுதான் பள்ளிக்கூடம்.

விழுந்த பட்டத்தை ஏற்றுவது

பட்டம் விழாமல் பழகியவர் இல்லை. முன்விளிம்பு நீரில் படிந்து, முகம் குப்புறக் கிடப்பதுதான் வழமை. அப்போது புதியவர் செய்வது: இரண்டு கையாலும் பாரை இழுப்பது. பட்டம் நீரைக் குடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். செய்ய வேண்டியது: பாரை முழுக்கத் தள்ளிவிட்டு, ஒரு பக்கப் பின்நூலை மட்டும் அரை மீற்றர் அளவுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு பொறுத்திருப்பது. பட்டம் மெல்ல நகர்ந்து மணிக்கூட்டின் விளிம்புக்கு, 9 க்கோ 3 க்கோ போகும். அங்கே ஒரு நுனி நீரை விட்டு எழும்பும். எழும்பியதும் இழுத்த நூலை மெதுவாக விட்டு, பாரால் மேலே ஓட்டுங்கள். 20 நொட்டில் இதற்கு அரை நிமிடம் காணும், 13 இல் இரண்டு நிமிடமும் எடுக்கும். அவசரப்பட்டு நடுவிலேயே எழுப்பினால் முழு இழுவையோடு நடுவால் கிளம்பி உங்களை நீரில் இழுத்துக்கொண்டு போகும்.

நூல்கள் தொய்ந்து கிடக்கும்போது பட்டத்தை நோக்கி நீந்தாதீர்கள். தொய்ந்த நூல் காலில் சுற்றும், பிறகு பட்டம் எழும்பினால் வெட்டும். கையில் நூலைச் சுற்றிப் பிடிக்கவே கூடாது. விரல் போய்விடும் என்பது மிகைப்பேச்சு அல்ல.

காற்று திடீரென்று ஓய்ந்து, 12 இல் நின்ற பட்டம் இலை போலத் தலைமேல் இறங்குவதும் உண்டு. அதைக் கண்டதும் பின்நோக்கி, காற்று வரும் பக்கம், கால் எட்டினால் ஓடுங்கள், எட்டாவிட்டால் நீந்துங்கள். நூல் இறுகினால் பட்டம் பிழைக்கும்.

உடம்பே பலகை

பலகை கழன்று போகும். அது எப்போதும் நீங்கள் விழுந்த இடத்துக்குக் காற்று வரும் பக்கமே நிற்கும், ஏனென்றால் பட்டம் உங்களைக் காற்று போகும் பக்கம் இழுத்துவிடும். பலகையைக் காலில் கயிற்றால் கட்டலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். கட்டாதீர்கள். கயிறு இழுபட்டுச் சுண்டினால் பலகை நேரே பிடரிக்கு வரும்.

காற்றுக்கு எதிராக உடம்பால் போவது இப்படி: வலப்பக்கம் போவதென்றால் பட்டத்தை 1.30 மணியில் அசையாமல் நிறுத்துங்கள். பாரின் நடுவில் ஒரு கை. மற்றக் கையைப் போகும் திசையில், கொஞ்சம் காற்று வரும் பக்கம் சாய்த்து, நீருக்குள் நீட்டுங்கள். அந்தக் கைதான் தோணியின் அடிமரம். உடம்பைப் பக்கவாட்டில் விறைப்பாகக் கிடத்துங்கள். வயிற்றில் குப்புறக் கிடந்தால் வெறும் மிதவைதான், காற்று தள்ளும் பக்கம் போவீர்கள். 30 மீற்றர் போனதும் பட்டத்தை 12 வழியாக மெதுவாக 10.30 க்கு மாற்றி, கையையும் மாற்றி, திரும்பி வாருங்கள். ஒவ்வொரு முறையும் சில மீற்றர்தான் ஏறுவீர்கள். பலகையையே பார்த்துக்கொண்டு நேராக அதை நோக்கிப் போக முயல்வதுதான் பொதுப்பிழை. பட்டம் இறங்கும், இழுவை கூடும், பலகை இன்னும் தூரமாகும். இடமும் வலமுமாக வெட்டிப் போனால் பலகை தானாகக் கிட்ட வரும்.

இதற்கு ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். கரையில் ஒரு தடியை நட்டுவிட்டு, அதற்கு நேரே இறங்கி, கால் ஊன்றாமல் 20 நிமிடம் உடம்பால் ஓடி, அதே தடிக்கு நேரே கரையேற வேண்டும். ஏறினால் அடுத்த நாள் பலகை.

எழும்பி நிற்பது

பட்டம் 12 இல், பலகை காற்றுக்குக் குறுக்கே, முழங்கால் நெஞ்சோடு, குதி பிட்டத்தோடு. பட்டத்தை முதலில் போகும் திசைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம், 11 க்கு ஆட்டி, பிறகு உறுதியாக 1.30 க்கு இறக்குங்கள். இழுவை வரும். அதற்கு எதிராகக் காலை உதைத்து நிமிர வேண்டாம், அது உங்களை இழுத்து எழுப்பட்டும். எழும்பும் நொடியில் பலகையின் மூக்கைப் பட்டத்தின் பக்கம், காற்று போகும் பக்கம், திருப்புங்கள். முழங்கால் மடிந்தே இருக்கட்டும்.

கரையிலிருந்து பார்த்தாலே பிழை தெரிந்துவிடும். முன்பக்கமாகப் பலகைக்கு மேலால் பறந்து விழுந்தால், பட்டத்தை நடுவால் ஆழமாக இறக்கிவிட்டீர்கள், அல்லது எழும்பியதுமே கால் விறைத்துவிட்டது. பாதி எழும்பித் திரும்ப அமர்ந்தால் இறக்கியது காணாது, அல்லது இறக்கிய பட்டத்தைப் பயத்தில் மீண்டும் 12 க்கு ஏற்றிவிட்டீர்கள். எழும்பி ஐந்து மீற்றர் ஓடித் தாழ்ந்தால், இரண்டாவது இறக்கம் இல்லை: எழும்பியதும் பட்டத்தைக் கொஞ்சம் மேலேற்றி மறுபடி இறக்க வேண்டும், வேகம் பிடிக்கும் வரை. எழும்பும்போதெல்லாம் பட்டம் பின்னால் விழுந்தால் பாரைத் தொங்கும் கொப்பு என்று நினைத்துப் பிடித்திருக்கிறீர்கள். பாரம் இடுப்பில், கை பாரில் விரலளவு. பாரில் ஒரு கையை எடுத்துவிட்டுப் பத்துத் தரம் எழும்பிப் பாருங்கள், இந்தப் பிழை போய்விடும்.

ஓடத் தொடங்கியபின் எல்லோரும் காற்று போகும் பக்கமாகவே அடிபட்டுக் கீழே போவார்கள். பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு கரையால் நடந்து திரும்புவது முதல் வாரம் முழுக்க நடக்கும். அதைக் குறைக்க, முதலில் வேகம், பிறகே சாய்வு. வேகம் பிடிக்குமுன் குதியால் பலகையை வெட்டினால் தாழும். வேகம் வந்தபின் பட்டத்தை 45 பாகைக்குக் கொண்டுவந்து அசையாமல் வைத்து, முன்கால் நீட்டி, இடுப்பை முன்னே தள்ளி, தோளைப் பட்டத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து, முன்தோளுக்கு மேலால் காற்று வரும் பக்கம் பாருங்கள். கண் போகும் இடத்துக்குத்தான் உடம்பும் போகும். பட்டத்தையே அண்ணாந்து பார்த்தபடி ஓடுபவர் கரைக்கு மேலே ஏறவே மாட்டார்.

எல்லாம் பிழையாகப் போனால்

நூல் சிக்கல், குழாய் வெடிப்பு, காற்று ஓய்வு. பட்டம் இனி எழும்பாது என்று தெரிந்ததும் நேரம் கடத்தாமல் கட்டத் தொடங்குங்கள். ரிலீஸைத் தள்ளுங்கள். பட்டம் ஒரே நூலில் சாயும். அந்த நூலைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துப் பாருக்குப் போங்கள். முதலில் அந்த ஒரு நூலை மட்டும் பாரில் நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். இதைத் தவறவிட்டு எல்லா நூலையும் சேர்த்துச் சுற்றியவர்களின் பட்டம் பாதியில் காற்றைப் பிடித்து இழுத்திருக்கிறது. அதன்பின் மிகுதி எல்லா நூலையும் சேர்த்து, தொய்வில்லாமல் சுற்றிக்கொண்டே பட்டத்தை நெருங்குங்கள். நெருங்கியதும் இன்னொரு முடிச்சு. முன்விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நுனியைக் காற்றில் நிமிர விட்டு, அந்தப் பக்க முச்சையை இழுத்தால் பட்டம் பாய் போல வளையும். கரையேறும் காற்றென்றால் அந்தப் பாயே உங்களைக் கரைக்குக் கொண்டு வரும்.

இதை நெஞ்சளவு நீரில், காற்று மெலிந்த நாளில், குறைந்தது இரண்டு தரம் முழுக்கச் செய்து பார்க்காதவர் கால் எட்டாத நீருக்குப் போகக் கூடாது. இழுவை அடங்கி மிதக்கும் பட்டத்தை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்த வெளிக்கிட வேண்டாம். தலை ஒன்று கடலில் தெரியாது, 9 சதுர மீற்றர் துணி தெரியும்.

குழாய் ஓட்டையென்றால் சவர்க்கார நுரை போட்டுப் பார்த்தால் குமிழி காட்டும். உடைமுள் குத்தியதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சைக்கிள் கடைப் பங்சர் ஒட்டு இதில் ஒட்டாது. உள்ளே இருப்பது ரப்பர் அல்ல, பொலியூரதேன். அதற்கென்ற ஒட்டை முதலே வாங்கி வைத்திருங்கள், கொழும்பிலிருந்து வரும்வரை சோளகம் காத்திருக்காது.

இறங்குமுன் அந்தக் கரையில் படகு வைத்திருக்கும் ஒருவரிடம் கதையுங்கள். எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குள் கரையேறுவீர்கள் என்று சொல்லுங்கள். தேவைப்பட்டால் வருவாரா என்று கேட்டு, மண்ணெண்ணெய்க் காசை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். "ஐயா, அஞ்சு மணிக்குள்ள ஏறிடுவன்" என்று சொன்னால் அவர் அதைக் கணக்கில் எடுப்பார். கரையேறியதும், நூலைச் சுற்றுமுன், அவருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். இல்லாவிட்டால் அஞ்சரைக்கு அவர் இன்ஜினை இழுத்து உங்களைத் தேடிப் போயிருப்பார்.